புளியங்குளத்து ஒஸ்ரின்

சிக்கனமான கார் எது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. குறைந்த விலைக்குக் கிடைத்து, குறைந்த எண்ணெயில் ஓடுவது என்பது ஒன்று. வாங்கியவரை நெடுங்காலம் கைவிடாமல் இருப்பது என்பது மற்றையது. விற்பனை நிலையங்களில் சொல்லப்படுவது முதலாவது. இரண்டாவதை அறிய வேண்டுமானால் வன்னியில் விசாரிக்க வேண்டும். அண்மையில் ஓர் ஆடி மாதத்தில் இந்த இரண்டு விடைகளையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அது பற்றிய சில எண்ணங்களை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

புளியங்குளத்தில் நெடுங்கேணி வீதியோரமாக வசிக்கும் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போகவேண்டி இருந்தது. அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. வவுனியா வரை ரயிலில் போயிருக்கலாம். ஆனால் நெடுங்கேணிப் பக்கமும் சில கிராமங்களுக்குப் போக எண்ணியிருந்ததால் கொழும்பில் ஒரு காரை வாடகைக்கு எடுத்தேன். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை எங்கோ போய்விட்டது. வாடகையும் கூடவே ஏறியது. ஆகவே நிறுவனம் வைத்திருந்தவற்றில் ஆகக் குறைந்த வாடகைக்குரியதையே தெரிவு செய்தேன். இந்தியாவில் தயாரான சிறிய கார். மூன்று சிலிண்டர்; எண்ணூறு சீசீக்கும் சற்றுக் குறைவான எஞ்சின்.

அந்தக் காரைப் பற்றிக் குறை மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. கொழும்பு நெரிசலில் முச்சக்கரவண்டி நுழையும் இடமெல்லாம் அதுவும் நுழைந்தது. குளிரூட்டி வேலை செய்தது. லீற்றருக்கு இருபது கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடியது. சிறு குடும்பம் ஒன்று மழையில் நனையாமல் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்விட இதைவிட வேறென்ன வேண்டும்? மோட்டார் சைக்கிளில் நான்கு பேராகப் போன குடும்பங்களைக் கூரையுள்ள வண்டிக்குள் ஏற்றியவை இத்தகைய கார்களே.

ஆனால் புத்தளம் கடந்து அநுராதபுரம் நோக்கித் திரும்பியதும் நிலைமை மாறியது. சோளகக் காற்று வயல்வெளிகளின் குறுக்கே வீசிக்கொண்டிருந்தது. எதிரே வந்த ஒவ்வொரு சொகுசு பஸ்ஸும் காரை ஒரு சாண் தள்ளிவிட்டே போயிற்று. ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்த கைகள் ஓய்வின்றி அதைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டி இருந்தது. ஆசனத்தின் மெல்லிய பஞ்சு நூறு கிலோமீற்றருக்குள் தன் கடமையை முடித்துக்கொண்டது. மதவாச்சியைத் தாண்டியபோது என் முன்னே எஞ்சின் வடிவிலே ஒரு மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது.

வாடகை நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். கார் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். அப்படியானால் அந்த விளக்கைப் பார்க்க வேண்டாம், ஓட்டிக்கொண்டு போங்கள் என்றார். பொனட்டை மட்டும் திறக்க வேண்டாம், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்றும் நினைவூட்டினார். எடுத்து வாசித்தேன். உண்மைதான். தங்களுடைய தொழில்நுட்பவியலாளரைத் தவிர வேறெவரும் பொனட்டுக்குள் கைவைக்கக் கூடாது என்று நான் கையெழுத்திட்டிருந்தேன்.

அந்த விளக்கு ஏன் வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. எஞ்சினின் புகை அளவு மீறிப்போகும்போது ஓட்டுநருக்கு எச்சரிக்கை தரவேண்டும் என்பது அதன் முதல் நோக்கம். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பெற்றோல் கார்களுக்கு 2001 முதலும் இத்தகைய தற்சோதனை ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது. நல்ல நோக்கம். ஆனால் விளக்கு எரிகிறதே தவிர, என்ன பிழை என்பதை அது நமக்குச் சொல்வதில்லை. பிழைக்குரிய எண் கணினியின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதை வாசிக்கும் கருவி உள்ளவருக்கு மட்டுமே அது விளங்கும். நோயாளிக்கு நோய் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, மருத்துவர் கடிதத்தை ஒட்டிக் கொடுத்தனுப்புவதைப் போன்றது இது. அந்த மஞ்சள் வெளிச்சத்துடனே ஓமந்தையைக் கடந்து புளியங்குளம் போய்ச் சேர்ந்தேன்.

புளியங்குளத்தை அறியாத வாசகர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதியில் வவுனியாவுக்கு வடக்கே உள்ள சந்தி அது. கிழக்கே நெடுங்கேணிக்கும் அதற்கப்பால் முல்லைத்தீவுக்கும் வீதி பிரிகிறது. சில கடைகள், ஒரு ரயில் நிலையம், சுற்றிலும் குளமும் வயலும் காடும். ஆனால் 1997 மே 13ஆம் திகதி ‘ஜயசிக்குறு’ என்ற பெயரில் ஏ-9 வீதியைக் கைப்பற்ற அரச படைகள் நடவடிக்கை தொடங்கியபோது உலகச் செய்தி நிறுவனங்கள் எல்லாம் இந்தச் சந்தியின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகின. மாதக்கணக்காக இங்கே சமர் நடந்தது. பின்னர் 2002இல் போர்நிறுத்தம் வந்து, ஏப்ரலில் ஏ-9 திறக்கப்பட்டபோது, வடக்கே போகும் வாகனங்களை விடுதலைப் புலிகள் நிறுத்திப் பதிந்த இடமும் இதுவே. வாகனங்களைக் காத்திருக்கவைத்தே பெயர் பெற்ற ஊர் என்று இதைச் சொல்லலாம்.

நண்பரின் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தினேன். அவர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ரயர்களைக் குனிந்து பார்த்தார். விளக்கு விவகாரத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, மாமரத்தின் கீழ் இருந்த தகரக் கொட்டிலைக் காட்டினார்.

“உது பழுதாப்போனால் தள்ளிக்கொண்டு போகவேணும், தம்பி. இது பழுதாப்போனால் திருத்திக்கொண்டு போகலாம்.”

கொட்டிலுக்குள் நின்றது ஒஸ்ரின் ஏ-40 சொமசெற். எனக்குப் புதியது அல்ல. 1990களின் முற்பகுதியில் செய்தி சேகரிக்கத் தாண்டிக்குளம் தாண்டி வன்னிக்குள் போனபோது, பொதிகளோடு காத்திருந்த எங்களில் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சி வரை போனது இந்தக் கார். ஓட்டியவர் இவரே. எங்கள் பழக்கம் அன்று தொடங்கியது.

இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1952க்கும் 1954க்கும் இடையில் இந்த வகைக் கார்கள் 170,000க்கு மேல் செய்யப்பட்டன. போரினால் கடனாளியாகியிருந்த பிரித்தானியா, ஏற்றுமதி செய்வோருக்கே உருக்கு முதலில் என்று கணக்குப் பார்த்த காலம் அது. ஆகவே இக்கார்கள் உலகெங்கும் போயின. நல்ல வீதி இல்லாத நாடுகளும், திருத்துநர் அருகில் இல்லாத தோட்டங்களும் அவற்றின் சந்தை. பெரிய சக்கரமும், உயர்ந்த அடிப்பாகமும், எளிய எஞ்சினும் தேவைப்பட்டன. இன்னொரு செய்தியும் உண்டு. யப்பானின் நிசான் நிறுவனம் 1952இல் ஒஸ்ரினுடன் ஒப்பந்தம் செய்து, இதே சொமசெற் காரைத் தன் நாட்டிலே பொருத்தித் தொழில் பழகியது. நமது வீதிகளில் இருந்து ஆங்கிலேயக் கார்களைப் பின்னர் அகற்றிய யப்பான் கார்கள், பாலபாடத்தின் ஒரு பகுதியை இந்தக் காரிடமே படித்தன.

இலக்கத்தகட்டிலும் ஒரு காலம் பதிந்திருக்கிறது. நண்பரின் காரில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். 1957 முதல் புதிதாகப் பதியப்படும் வாகனங்களுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. அதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி இயக்கம் நடத்தியதையும், 1958 ஏப்ரலில் பண்டா – செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டதையும், அடுத்த மாதமே கலவரம் மூண்டதையும் மூத்த வாசகர்கள் அறிவார்கள். அந்தச் சண்டைக்கு முன்பே பதியப்பட்டுவிட்ட கார் இது.

மாலையில் காரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பற்றரி இருந்தபோதிலும், பழைய பழக்கத்தைக் காட்டுவதற்காக முன்புறத்துத் துவாரத்தில் ஹாண்டிலைச் செருகினார். சுற்றும்போது பெருவிரலை மற்றைய விரல்களோடு ஒரே பக்கமாக வைக்கவேண்டும் என்றார். எஞ்சின் எதிர்த்து அடித்தால் ஹாண்டில் விரல்களை விட்டு நழுவிப் போகும். பெருவிரல் சுற்றிப் பிடித்திருந்தால் எலும்பு முறியும். இரண்டாவது சுற்றில் எஞ்சின் உயிர்பெற்றது. சத்தம் பெரிதல்ல, ஒரு வயதானவர் தொண்டையைச் செருமிவிட்டுப் பேசத் தொடங்குவது போன்ற சத்தம்.

ஸ்ரியறிங் தண்டில் கியர்க்கோல். முன்பக்கத்தில் ஒரே நீண்ட ஆசனம். இருமருங்கும் தூணுக்குள் இருந்து கை நீட்டுவதைப் போல வெளிவரும் திசைகாட்டிகள். குளக்கட்டுக்குப் போகும் கிரவல் பாதையில் இறங்கினோம். காலையில் வாடகைக்காரின் சிறிய சக்கரங்கள் விழுந்து எழும்பிய பள்ளங்களை, ஒஸ்ரினின் பதினாறு அங்குலச் சக்கரங்கள் அவசரமின்றிக் கடந்தன. ஏறக்குறைய ஒரு தொன் நிறையுள்ள அந்தக் காரைக் காற்று தள்ளவில்லை. மணிக்கு நாற்பது கிலோமீற்றரில் போனோம். அதற்குமேல் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. வீதி எப்படி இருக்கிறது, எஞ்சின் எப்படி இருக்கிறது, பிறேக் எவ்வளவு பிடிக்கிறது என்பதெல்லாம் கைக்கும் காலுக்கும் நேரே தெரிந்தது. இடையில் விளக்கு எதுவும் தேவைப்படவில்லை.

இவ்வளவும் சுகமான அனுபவந்தான். ஆனால் பழைய காரின் அருமை சுகத்திலே இல்லை. அது வேறொரு சோதனையில் தேறிய கார்.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியதும் வடக்கின் மீது அரசாங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. அது 2002 ஜனவரி வரை நீடித்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று பட்டியல் நீண்டது. புதிய கார் வைத்திருந்தவர்கள் அவற்றைக் கட்டைமேல் ஏற்றித் துணியால் மூடினார்கள். கட்டுப்பாட்டுடன் கிடைத்த ஒரே எரிபொருள் மண்ணெண்ணெய். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஒஸ்ரின், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின.

இதை வெறும் கெட்டித்தனம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அதற்குள் ஓர் அறிவியல் இருக்கிறது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் பற்றவும் மாட்டாது. அதன் ஒக்ரேன் எண்ணும் மிகக் குறைவு. ஆகவே எஞ்சினுக்குள் கூடுதலாக அமுக்கினால், உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினை அடித்து நொறுக்கும். ஒஸ்ரின் ஏ-40இன் அமுக்க விகிதம் 7.2க்கு 1. இன்றைய கார்களில் அது ஒன்பது, பத்து, அதற்கும் மேல். பழைய எஞ்சின் கலவையை மெதுவாக அமுக்கியதாலேயே மட்டமான எரிபொருளைச் சகித்துக்கொண்டது.

செய்முறை எளிது. ஒரு சிறிய போத்தலில் பெற்றோல். பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய்த் திருகி. பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் திருகியை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்பவேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்பவேண்டும். அப்போதுதான் காபரேற்றரில் அடுத்த ஸ்ராட்டுக்குரிய பெற்றோல் தங்கியிருக்கும். உள்ளங்கை அளவு பெற்றோலில் ஒரு நாள் ஓட்டம். இங்கிலாந்தில் 1940களின் இறுதியில் வந்த சாம்பல்நிற பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, இதே முறையில் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய ஓர் எண்ணெயில் ஓடும்படியே செய்யப்பட்டிருந்தது. பிரித்தானிய விவசாயி வரியைக் குறைக்கச் செய்ததை, வன்னி விவசாயி தடையைத் தாண்டச் செய்தார்.

பற்றரி இல்லை என்றால் ஹாண்டில் இருக்கிறது. வாசர் இல்லை என்றால் பழைய ரயர்க் குழாயை வெட்டிச் செய்யலாம். எந்தப் பாகமும் மூடி முத்திரையிடப்படவில்லை. நான்கு சாவிகளும் ஒரு திருப்புளியும் இருந்தால் வீதியோரத்திலேயே காபரேற்றரைக் கழற்றிப் பூட்டலாம். பாம்பு கடித்தவர்களையும், பிள்ளைப்பேற்று நோவு கண்ட பெண்களையும் நெடுங்கேணிப் பக்கக் கிராமங்களில் இருந்து கிளிநொச்சி ஆசுபத்திரிக்கு எத்தனை இரவுகள் ஏற்றிப் போனார் என்பதை நண்பர் எண்ணி வைக்கவில்லை. வழியில் பிறந்த பிள்ளைகள் இரண்டு என்பது மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பழைய கார்களைப் புகழும் கட்டுரைகள் பொதுவாக இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கின்றன. அந்தக் கார்களை நாங்கள் விரும்பி வைத்திருக்கவில்லை. முற்றுகை வைத்திருக்கச் செய்தது. கியூபாவில் 1950களின் அமெரிக்கக் கார்கள் இன்றும் ஓடுவதற்குக் காரணமும் அந்நாட்டவரின் பழம்பொருள் ஆசை அல்ல. 1959இன் புரட்சியும் அதைத் தொடர்ந்து வந்த தடையுமே. மண்ணெண்ணெய்ப் புகை கண்ணை எரித்தது; நெஞ்சை அடைத்தது. எரியாத மண்ணெண்ணெய் கசிந்து எஞ்சின் ஒயிலை நீராக்கியது. எஞ்சின்கள் விரைவில் தேய்ந்தன. ஒஸ்ரினில் ஆசனப்பட்டி இல்லை. ஸ்ரியறிங் தண்டு மோதலில் நெஞ்சுக்கு நேரே வரும். உருளைப் பிறேக்கை மிதித்துவிட்டுக் கடவுளையும் நினைக்கவேண்டும். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடினால் அதிகம். இன்று ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஏ-9 வீதியில் கொழும்புக்குப் போவதென்றால் எதில் போவாய் என்று கேட்டால், அந்தச் சின்ன வாடகைக்காரில்தான் போவேன். ஏ-9 இப்போது போருக்குப் பின் சீனக் கடனுதவியோடு செப்பனிடப்பட்ட வழவழப்பான வீதி. அந்த வேகத்துக்கு ஒஸ்ரின் உரியதல்ல.

வன்னி மக்களே அதை அறிந்திருந்தார்கள். 2002இல் பாதை திறந்ததும் தெற்கில் இருந்து யப்பான் வான்கள் வரத் தொடங்கின. நண்பரும் 2003இல் ஒரு வான் வாங்கினார். அதை மகன் ஓட்டினான். பழைய ஒஸ்ரின் கொட்டிலில் ஒதுங்கியது. 2006 ஆடி முடிவில், எஞ்சினைக் கழற்றிச் சிலிண்டர்களைக் கடைந்து பொருத்தவென்று மகன் அதை வவுனியாவில் ஒரு கராஜில் விட்டுவிட்டு வந்தான். ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கியது. ஏ-9 மூடப்பட்டது. கார் வவுனியாவில், குடும்பம் வன்னியில்.

அடுத்து நடந்தவற்றை வாசகர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வானில் ஏற்றிய பொருள்கள் ஒவ்வோர் இடப்பெயர்விலும் குறைந்துகொண்டே போயின. 2009இல் வெள்ளமுள்ளிவாய்க்காலில் ஆயிரக்கணக்கான வாகனங்களோடு அந்த வானும் கைவிடப்பட்டது. நண்பரும் மனைவியும் ஒரு துணிப்பையோடு வெளியே வந்தார்கள். மகன் வரவில்லை. செட்டிகுளத்து முகாமில் இருந்து விடுபட்ட பின், 2010இல் அவர் வவுனியாவுக்கு அந்தக் கராஜைத் தேடிப் போனார். கராஜ்காரர் எஞ்சினைப் பொருத்தி, காரைப் படங்கால் மூடி வைத்திருந்தார். நான்கு ஆண்டுகள் வைத்திருந்ததற்கு ஒரு சதம் கேட்கவில்லையாம். வேலைக்குரிய கூலியைக்கூடத் தவணையாகவே வாங்கினாராம்.

ஒஸ்ரினின் டாஷ்போட்டின் கீழே அந்தக் குழாய்த் திருகி இன்னும் இருக்கிறது. அதன் இருபக்கமும் வெள்ளை மையால் ‘பெ’ என்றும் ‘ம’ என்றும் எழுதியிருக்கிறது. பதினான்கு வயதில் மகன் எழுதியது என்றார் நண்பர். கொழும்பில் இருந்து பழங்கார் சேர்ப்போர் வந்து நல்ல விலை கேட்டிருக்கிறார்கள். வாங்கினால் முதல் வேலையாக அந்தத் திருகியைக் கழற்றிக் காரை அசல் நிலைக்குக் கொண்டுவருவோம் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னாராம். “எது தம்பி அசல்?” என்று நண்பர் என்னைக் கேட்டார். எனக்கு மறுமொழி வரவில்லை.

2022இல் நாட்டில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. கியூஆர் அட்டையைக் காட்டி வாரத்துக்கு இருபது லீற்றர் பெற்றோலுக்காகக் கொழும்பிலே கார்கள் மைல் கணக்கில் வரிசையில் நின்றன. தெற்கில் உள்ளவர்களுக்கு அது வாழ்வில் முதல் அனுபவம். திருகி இருக்கிறதே, மண்ணெண்ணெய்க்குத் திருப்பினீர்களா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். மண்ணெண்ணெய்க்கும் வரிசை இருந்தது. அதுவரை லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் அந்த ஓகஸ்டில் 340 ரூபாவாக ஏற்றப்பட்டது. மீனவர்களும் ஏழைகளும் விளக்கெரிக்கவே வழியில்லாமல் நிற்கும்போது கார் ஓட்டுவது சரியில்லை என்று சைக்கிளை எடுத்துக்கொண்டாராம். சிக்கனத்தைப் பற்றி அவரிடம் நான் கேட்ட மிகத் தெளிவான விளக்கம் அது.

மறுநாள் காலை சந்தியடிக் கராஜுக்கு என்னை அழைத்துப் போனார். அங்கே இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன். என் காரின் விளக்கைப் பார்த்தான். பொனட்டைத் திறக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தைச் சொன்னேன். “திறக்கத் தேவையில்லை, ஐயா” என்றான். தீப்பெட்டி அளவான ஒரு கருவியை ஸ்ரியறிங்குக்குக் கீழே செருகிக் கைத்தொலைபேசியில் பார்த்தான். இரண்டு நிமிடம் ஆகவில்லை. ஒட்சிசன் உணரி ஒன்று பழுதாகப் போகிறது. கொழும்புக்கு ஓட்டலாம், எண்ணெய் கொஞ்சம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான் என்றான். பணம் வாங்க மறுத்தான். என்னைவிட நண்பருக்குத்தான் மகிழ்ச்சி. அந்தக் கருவியை வாங்கிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உதுவும் ஒரு சாவிதானே” என்றார்.

அவர் சொன்னது சரி. புதிய கார் திருத்த முடியாதது அல்ல. திருத்துவதற்கு அனுமதி இல்லாதது. இரண்டும் வேறு. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்கள் வாக்களித்து, கார்களின் பழுதறியும் தகவல்களைச் சுதந்திரமான கராஜ்களுக்கும் கொடுக்கவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். பாவனைப் பொருள்களைத் திருத்தும் உரிமை பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு பணிப்புரையை நிறைவேற்றியது. நம்மவர்கள் சட்டம் எதுவுமில்லாமல் பன்னிரண்டு ஆண்டுகள் நடைமுறையில் வைத்திருந்த உரிமை அது. உலகம் இப்போது அதற்குப் பெயர் தேடுகிறது.

பழைய காரை நான் மெச்சுவதற்குக் காரணம் அதன் உருவமோ இளமை நினைவோ அல்ல. தன்னை வாங்கியவன் ஒருநாள் நிறுவனத்துக்கு வெகுதூரத்தில், கடையில்லாத ஊரில், உதவிக்கு ஆளின்றி நிற்பான் என்று எண்ணிச் செய்யப்பட்ட கார் அது. லோங்பிரிட்ஜில் அதை வரைந்தவர்கள் புளியங்குளத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் புளியங்குளத்தில் நிற்பவனையும் கணக்கில் எடுத்திருந்தார்கள். இன்றைய மலிவுக் காரை ஆக்குபவர்கள் நம்மை வாங்குபவராக மட்டும் கணக்கெடுக்கிறார்கள். நடுவழியில் நிற்பவராக எடுப்பதில்லை.

இறக்குமதி மீண்டும் திறந்திருக்கும் இந்நாளில் வடக்கிலும் கிழக்கிலும் பலர் முதல் கார் வாங்கப்போகிறார்கள். வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் வாங்குவோரும் உண்டு. அவர்களுக்கு என் சிறு வேண்டுகோள் ஒன்று. ஒஸ்ரினைத் தேடாதீர்கள், அதன் காலம் முடிந்தது. லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று விற்பவரிடம் கேட்குமுன், உங்கள் ஊர்ச் சந்தியில் கராஜ் வைத்திருக்கும் அந்த இளைஞனிடம் போய், இந்தக் காரை உன்னால் திறக்க முடியுமா என்று கேளுங்கள். அவன் யோசித்தால் நீங்களும் யோசியுங்கள்.